மனை வாங்குமுன், வீட்டைப் புதுப்பிக்குமுன்: நாம் கேட்டுப் பெற வேண்டிய ஆவணங்கள்

படித்து வேலைக்குச் சென்ற முதல் தலைமுறைத் தலித் குடும்பங்களின் சேமிப்பு பெரும்பாலும் இரண்டு வழிகளில் செலவாகிறது. ஒன்று, நகரத்தை ஒட்டி வாங்கும் மனை. மற்றொன்று, ஊரிலுள்ள பழைய தொகுப்பு வீட்டின் மராமத்து. தரகரின் சொல்லையும் விற்பவர் காட்டும் பட்டா நகலையும் நம்பிப் பணம் கொடுத்துவிட்டு, பின்னர் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறியிறங்குபவர்களை நாம் தொடர்ந்து காண்கிறோம். நில உரிமை மறுக்கப்பட்ட சமூகத்திற்கு ஒரு மனையை இழப்பது, மீண்டும் தொடக்கப்புள்ளிக்கே தள்ளப்படுவதாகும். ஆகவே தமிழ்நாட்டில் நிலம் வாங்குவோரும் வீட்டைப் புதுப்பிப்போரும் சரிபார்க்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

நிலத்தின் வரலாறு

ஒரு நிலத்தைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது யாருக்கு, எந்த நிபந்தனையுடன் முதலில் வழங்கப்பட்டது என்பது. செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆட்சியராகப் பணியாற்றிய டிரெமன்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்க அரசு ஆணையிட்டது. சென்னை மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் இவ்வாறு வழங்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. இவையே பஞ்சமி நிலங்கள். முதல் 10 ஆண்டுகளுக்கு இவற்றை எவருக்கும் விற்கக் கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பன நிபந்தனைகள்.

நிபந்தனைகள் ஏட்டில் இருக்க, நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்குச் சென்றது. காரணையில் பஞ்சமி நில மீட்புக்காக மக்கள் திரண்டதைத் தொடர்ந்து, 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகியோர் உயிரிழந்தனர். அதே மாவட்டத்திலும் அதைச் சுற்றியும் இன்று மனைப்பிரிவுகள் பெருகியுள்ளன. தம் முன்னோரிடமிருந்து பறிக்கப்பட்ட நிலத்தையே சதுர அடிக் கணக்கில் விலை கொடுத்து வாங்கும் நிலை நம் மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் வரலாம். வாங்குபவர் தலித்தாக இருப்பதாலேயே இடையில் நடந்த நிபந்தனை மீறல் சரியாகிவிடாது. விற்பவரின் உரிமையிலுள்ள குறை வாங்குபவரையும் தொடரும்.

கர்நாடகத்தில் 1978ஆம் ஆண்டுச் சட்டமும் ஆந்திரத்தில் 1977ஆம் ஆண்டுச் சட்டமும் இத்தகைய ஒப்படை நிலங்களின் கைமாற்றத்தைத் தடுக்கின்றன. தமிழ்நாட்டில் ஒப்படை ஆணையின் நிபந்தனைகளையும் வருவாய் நிலையாணைகளையும் சார்ந்தே வாதிட வேண்டியுள்ளது. ஆகவே பழைய பதிவேடே நமக்கு முதன்மைச் சான்று.

சரிபார்க்க வேண்டியவை

1. பழைய 'அ' பதிவேடு: இன்று இணையத்தில் கிடைக்கும் பதிவேட்டுடன் நிறுத்திக்கொள்ளக் கூடாது. 1979இல் தொடங்கிய நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்திற்கு முந்தைய பதிவேட்டின் நகலைக் கேட்க வேண்டும். அதன் குறிப்புப் பகுதியில் 'டி.சி.', 'நிபந்தனை' போன்ற சொற்கள் இருக்கலாம். புதிய பதிவேடுகளுக்கு மாற்றும்போது இக்குறிப்புகள் விடுபட்டன என்பது நில உரிமை இயக்கங்களின் நெடுநாள் குற்றச்சாட்டு. வட்டாட்சியர் அலுவலகம் நகல் தர மறுத்தால் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம்.

2. தாய்ப் பத்திரம்: இன்றைய உரிமையாளர் வரை உரிமை எப்படி வந்தது என்பதை இடைவெளியின்றிக் காட்டும் பத்திரங்கள் அனைத்தையும் பார்க்க வேண்டும். பட்டா வருவாய்த் துறையின் பதிவு. விலைக்கு வாங்கிய நிலத்திற்கு அது மட்டும் உரிமையை நிறுவாது.

3. வில்லங்கச் சான்றிதழ்: குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பெற வேண்டும். பதிவு செய்யப்பட்ட நடவடிக்கைகள் மட்டுமே இதில் வரும். வாய்மொழிப் பாகப்பிரிவினையும் பதிவு செய்யாத உயிலும் வரமாட்டா.

4. மனைப்பிரிவு அனுமதி: ஊராட்சித் தலைவரின் ஒப்பம் போதாது. நகர் ஊரமைப்பு இயக்ககம் அல்லது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் அனுமதி எண் வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைத் திட்டமாயின், 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டட மனை ஒழுங்குமுறை ஆணையத்திலும் பதிவு வேண்டும்.

5. பதிவு செய்த கிரயப் பத்திரம்: 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை, பதிவு செய்த பத்திரத்தின் மூலமே செல்லும். பொது அதிகார ஆவணமும் விற்பனை ஒப்பந்தமும் உரிமையை மாற்றா என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவுபடுத்தியது. முத்திரைத்தாளில் எழுதி ஊர்ப் பெரியவர்கள் சாட்சியிட்ட தாளைக் கிரயமாகக் கருதக் கூடாது.

பத்திரத்தை வீட்டுப் பெண்கள் பெயரில் பதிவு செய்வதையும் எண்ணிப் பார்க்கலாம். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்து பெண்கள் பெயரில் பதிவாகும்போது பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது.

வீட்டிற்கு முன் பட்டா

சேரியிலுள்ள பல வீடுகள் தாத்தாவோ பாட்டியோ பெற்ற இலவச மனைப்பட்டாவில் நிற்கின்றன. பட்டா இன்னும் அவர்கள் பெயரிலேயே இருக்கும். நான்கு பிள்ளைகளில் ஒருவர் கடன் வாங்கி வீட்டைப் புதுப்பிப்பார். பின்னர் பங்குச் சண்டை எழும். எனவே மராமத்துக்கு முன்பே வாரிசுச் சான்றிதழ் பெற்று, பாகப்பிரிவினை அல்லது விடுதலைப் பத்திரத்தைப் பதிவு செய்து, பட்டாவில் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் கீழ் வரும் குடும்பங்களில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு உண்டு. அக்கா, தங்கைகளின் ஒப்பமின்றிச் செய்யும் ஏற்பாடு நிலைக்காது. மூல ஒப்படை ஆணையில் விற்பனைத் தடை உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். வங்கிக் கடனுக்கும் அரசின் வீட்டுத் திட்டங்களுக்கும் இந்த ஆவணங்களே அடிப்படை.

கட்டட வேலையிலும் வரிசை முக்கியம். தொகுப்பு வீடுகளில் அடிக்கடி காண்பது, தளத்தின் அடிப்பக்கம் உரிந்து கம்பி தெரிவது. மேலே நீர் தேங்கி, கசிந்து, கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு பருத்துச் சிமெண்டைத் தள்ளிவிடுகிறது. கீழே மட்டும் பூசினால் அடுத்த மழைக்காலத்திலேயே மீண்டும் விழும். முதலில் மேல்தளத்தில் நீர் வடிய வாட்டம் கொடுத்து, வெடிப்புகளை அடைக்க வேண்டும். பிறகு கீழே தளர்ந்த காரையை முழுதாகக் கொத்தி எடுத்து, கம்பியின் துருவைத் தேய்த்து நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு அடித்த பின்பே புதுக் காரை வைக்க வேண்டும். கம்பி மெலிந்தோ தளம் தொய்ந்தோ இருந்தால் பூச்சு வேலை பணவிரயம். பொறியாளரைக் காட்டாமல் அங்கே குடியிருப்பதே ஆபத்து. அத்தகைய தளத்தின் மேல் மாடி எழுப்பவே கூடாது.

பறிக்கப்பட்டால்

தலித் ஒருவருக்குச் சொந்தமான அல்லது ஒப்படைக்கப்பட்ட நிலத்தைப் பிறர் முறைகேடாக ஆக்கிரமிப்பதும், அவரை அதிலிருந்து வெளியேற்றுவதும் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஃப்), 3(1)(ஜி) பிரிவுகளின் கீழ்க் குற்றங்கள். இதை வெறும் உரிமையியல் தகராறு என்று கூறிக் காவல் நிலையம் திருப்பி அனுப்பினால், புகாரைக் காவல் கண்காணிப்பாளருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் விரைவு அஞ்சலில் அனுப்பி ஒப்புகைச் சீட்டைப் பாதுகாக்க வேண்டும்.

கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது ஒரு வேலையைச் செய்யலாம். தம் சேரியிலுள்ள வீடுகளின் சர்வே எண்களைக் குறித்து, பழைய 'அ' பதிவேட்டின் நகலைப் பெற்று, இன்றைய பட்டாவுடன் ஒப்பிட்டு ஊர்ப் பொதுவில் ஒரு கோப்பாக வைக்கட்டும். நிலத்தை மீட்கும் வழக்கும், மனை வாங்கும் குடும்பத்தின் பாதுகாப்பும் அந்தக் கோப்பிலிருந்தே தொடங்க முடியும்.