பலகையில் ஒரு சொல்

1989 டிசம்பர் 6. கனடாவின் மொந்ரியால் நகரில் பொலித்தெக்னிக் பொறியியல் கல்லூரி. துப்பாக்கியோடு வகுப்பில் நுழைந்தவன் ஆண்களை வெளியே அனுப்பினான். பெண்ணியவாதிகளை வெறுப்பதாகச் சொல்லிப் பெண்களைச் சுட்டான். பிறகு மற்ற இடங்களிலும் சுட்டான். மொத்தம் 14 பெண்கள் மாண்டனர்.

1991இல் அந்நாள் தேசிய நினைவு நாளானது. 1995இல் துப்பாக்கிப் பதிவுச் சட்டம் வந்தது. (வேட்டைத் துப்பாக்கிப் பதிவேட்டை 2012இல் மத்திய அரசே ஒழித்தது, அது தனி வயிற்றெரிச்சல்.) ஆனால் நினைவுப் பூங்காவின் பலகை அதை ஒரு துயரச் சம்பவம் என்றுதான் சொன்னது. புயலில் மரம் விழுந்தாலும் அப்படித்தானே எழுதுவோம்? கோப்பு எழுதியே காலம் தள்ளிய எனக்கு இந்த நழுவல் நன்றாகத் தெரியும். 2019இல்தான் பலகை மாறியது. கொல்லப்பட்ட 14 பெண்கள், பெண்ணிய எதிர்ப்புத் தாக்குதல் என்று பச்சையாகவே எழுதினார்கள். அதற்கு 30 வருடம் பிடித்தது.