லுண்டுவில் வெட்டிய மரம்

1987ஆம் ஆண்டு. போர்னியோத் தீவின் சராவாக் மாநிலத்தில், லுண்டு அருகிலுள்ள சதுப்புக் காட்டில் தாவரவியலாளர் ஜான் பர்லி ஒரு மரத்தின் இலைகளையும் சிறு கிளைகளையும் ஒடித்துச் சேகரித்தார். நம் கடலோரப் புன்னைக்குப் பங்காளி மரம் அது; அந்த ஊரில் இந்த இனத்தைப் பிந்தாங்கோர் என்பார்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் வெப்பமண்டலக் காடுகளில் மருந்து தேடிய காலம். பர்லி பறித்த இலையும் கடல் கடந்தது.

மேரிலாண்ட் ஆய்வுக்கூடத்தில் காய்ந்த இலையைப் பொடித்து, கரைப்பானில் ஊறவைத்துச் சாறு இறக்கினார்கள். சிறு சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் மனித ரத்த அணுக்கள், எச்.ஐ.வி. கிருமி, கூடவே சாறு துளியளவு. சில நாள் கழித்து ஒரு சாயப்பொருளை விட்டார்கள். அணு உயிரோடு இருந்தால் குழி ஆரஞ்சு நிறமாகும்.

ஆரஞ்சு நிறம் வந்தது.

சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மறுபடி சோதித்துக்கொண்டே போனதில் கடைசியில் மிஞ்சிய பொருளுக்குக் கலனோலைடு ஏ என்று பெயரிட்டு, 1992இல் அறிவித்தார்கள். கிருமி தன்னைப் பெருக்கிக்கொள்ள உதவும் நொதியை அது முடக்கியது.

இன்னும் இலை வேண்டும் என்று லுண்டுவுக்கு ஆள் போனபோது மரம் இல்லை. யாரோ வெட்டியிருந்தார்கள். சுற்றியிருந்த அதே இன மரங்களின் இலையில் அந்தப் பொருள் சரியாகக் கிடைக்கவில்லை. தேடலில் இன்னொரு பிந்தாங்கோர் வகையின் பாலில் கலனோலைடு பி அகப்பட்டது. வீரியம் சற்றுக் குறைவு; ஆனால் ரப்பர் மரம்போல் கீறிப் பால் எடுக்கலாம், மரத்தைச் சாய்க்க வேண்டியதில்லை. கலனோலைடு ஏவை வேதியியலாளர்கள் ஆய்வுக்கூடத்திலேயே செய்துவிட்டார்கள்.

தன் காட்டு இலையின் மதிப்பு சராவாக் அரசுக்கும் புரிந்தது. 1996இல் அமெரிக்க மருந்து நிறுவனம் ஒன்றுடன் பாதிக்குப் பாதி கூட்டுச் சேர்ந்தது. 1997இல் உயிர்வளத்துக்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. மனிதர்களிடம் சோதனையும் தொடங்கியது. ஆனால் கலனோலைடு மருந்துக்கடை வரை வரவில்லை.

இதற்கிடையே, 1993இல் வேறொரு குழு ஆப்பிரிக்கப் பெருநத்தையின் சாற்றிலும் இதே நொதியை முடக்கும் பொருள்களைக் கண்டது. அவை ஏற்கெனவே புன்னையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டவை. நத்தையின் தீனிகளில் புன்னையும் ஒன்று.