தைமிடினின் மறுபிறவி

கடற்கரையில் இருக்கிறது கல்பாக்கம். அங்குள்ள கனநீர் அணு உலைகளில் ட்ரிட்டியம் தானாகவே உண்டாகிறது. ஆய்வகங்களுக்கு வேண்டியதை லித்தியம்-6 மீது நியூட்ரானை மோதவிட்டு எடுப்பார்கள். ஹைட்ரஜனின் இந்தக் கதிரியக்க உறவுக்கு அரை ஆயுள் 12.3 ஆண்டு. இதை டிஎன்ஏவின் கட்டைகளில் ஒன்றான தைமிடினில் ஏற்றிவிட்டால் நம் பயணி தயார்.

ஏன் தைமிடின்? செல் அதை டிஎன்ஏ கட்டுவதற்கு மட்டுமே எடுத்துக்கொள்கிறது. 1957இல் டெய்லர், வுட்ஸ், ஹியூஸ் மூவரும் அவரையின வேர்நுனியில் இதைச் செலுத்தி, குரோமோசோம் இரட்டிக்கும்போது பழைய பாதியும் புதிய பாதியும் பங்கிடப்படுவதைப் படமெடுத்தார்கள்.

அடுத்து சுண்டெலி. ஊசியில் ஏறிய தைமிடினுக்கு அவகாசம் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். அதற்குள் செல்லில் புகாததைக் கல்லீரல் சிதைத்துவிடும். புகுந்ததை தைமிடின் கைனேஸ் என்ற நொதி பிடித்து பாஸ்பேட் பூட்டுகிறது. பிறகு வெளியே வர முடியாது. ட்ரிட்டியத்தின் பீட்டா கதிர் திசுவில் மைக்ரான் கணக்கில்தான் ஓடும். அதனால் படச்சுருள் பசையில் வெள்ளித் துகள் செல்லின் உட்கருவுக்கு நேர் மேலேயே கறுக்கும். அந்தப் படத்துக்கு வாரக்கணக்கில் இருட்டில் காத்திருக்க வேண்டும்.

சிறுகுடலில் புகுந்த பயணி சில நாளில் செல்லோடு உதிர்ந்து போகிறது. எலும்பு மஜ்ஜை, தைமஸ் போன்ற இடங்களில்தான் கதை சுவாரசியமாகிறது. அங்கே செத்த செல்லை விழுங்கிகள் விழுங்கி, டிஎன்ஏவை நொறுக்கி, தைமிடினை வெளியே விடுகின்றன. பக்கத்துச் செல் அதை அள்ளிக்கொள்கிறது. ஓட்டு வீட்டை இடிக்கும்போது நிலைக்கதவைப் புது வீட்டுக்குக் கொண்டுபோவது போல.

இதனால் கணக்கு பிசகியது. செல் செத்த பிறகும் அதன் அடையாளம் திசுவிலேயே தங்கியதால், செல்களின் ஆயுள் உண்மையைவிட நீளமாகத் தெரிந்தது. எனவே தைமிடினைப் போன்ற, ஆனால் மறுபடி அவ்வளவாகப் பயன்படாத அயோடோடிஆக்சியூரிடினில் அயோடின்-125 ஏற்றி ஒப்பிட்டார்கள். இரண்டு அளவுக்கும் இடையிலான வித்தியாசமே மறுசுழற்சியைக் காட்டிக்கொடுத்தது. பிசகு என்று ஒதுக்கியிருந்தால் அருமையான செய்தி கை நழுவியிருக்கும்.

மருத்துவத்திலும் இதற்கு எடை உண்டு. மெத்தோட்ரெக்சேட் மருந்து தைமிடின் கட்டையையும் பியூரின் கட்டைகளையும் புதிதாகச் செய்யும் வழிகளை அடைக்கிறது. செத்த செல்களிலிருந்து தைமிடினும் பியூரினுக்கு உதவும் ஹைப்போக்சாந்தினும் கிடைத்தால், புற்றுநோய்ச் செல் அவற்றை வைத்தே தப்பிக்க முடியும்.

இப்போது பல ஆய்வகங்கள் தைமிடினைப் போன்ற, கதிரியக்கமில்லாத ஈடியூவுக்கு மாறிவிட்டன. அதையும் செல்லுக்குள் பூட்டிவைப்பது அதே தைமிடின் கைனேஸ்தான்.