பீச் காட்டின் பேய் ஆர்க்கிட்

எபிபோஜியம் அஃபில்லம் என்னும் பேய் ஆர்க்கிட் ஐரோப்பாவின் பழைய பீச் காடுகளிலும் ஸ்புரூஸ் காடுகளிலும் வளரும் செடி. இதற்கு இலை கிடையாது, பச்சையமும் கிடையாது. வெயிலைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும் வழி இல்லாததால் மரங்களின் வேரோடு கூட்டுவாழ்வு நடத்தும் பூஞ்சைகளை, குறிப்பாக இனோசைபி பேரினத்தவற்றை, நம்பிப் பிழைக்கிறது. மரம் பூஞ்சைக்குக் கொடுத்த சர்க்கரையில் ஒரு பங்கு பூஞ்சை வழியாக ஆர்க்கிடுக்குப் போய்ச் சேர்கிறது. பவளக்கொடி போலக் கிளைத்த அதன் மட்டநிலத்தண்டு மண்ணுக்குள்ளேயே பல ஆண்டுகள் கிடக்கும். ஈரம், குளிர், பூஞ்சையின் வளம் எல்லாம் கூடிவந்த ஏதோ ஓர் ஆண்டில் மட்டும் சருகைத் துளைத்துக்கொண்டு ஒரு பூந்தண்டு மேலே வரும்.

அந்தத் தண்டு பெரும்பாலும் ஒரு சாண் உயரத்தைத் தாண்டாது. வெளிர்மஞ்சளில் இளஞ்சிவப்பு ஓடிய நிறம், ஒன்றிரண்டு முதல் நாலைந்து வரை தொங்கும் பூக்கள். பெரும்பாலான ஆர்க்கிடுகளின் மொட்டு விரியும் முன் அரைவட்டம் திரும்பிக்கொள்வதால் உதடு போன்ற இதழ் கீழே அமையும். பேய் ஆர்க்கிடின் மொட்டு அப்படித் திரும்புவதில்லை. ஊதாப் புள்ளிகளிட்ட வெள்ளை உதடும் தடித்த தேன்பையும் மேல்நோக்கி நிற்கும், மற்ற இதழ்கள் கீழே தொங்கும். பழுப்புச் சருகின்மேல் இந்த நிறம் சட்டென்று கண்ணில் படாது. பக்கத்திலேயே நின்றும் பார்க்கத் தவறியவர்கள் பலர்.

லின்னேயஸ் 1753இல் இதை வேறொரு பேரினத்தின்கீழ் விவரித்தார். இன்று வழங்கும் பெயர் ஸ்வீடன் தாவரவியலாளர் ஓலோஃப் ஸ்வார்ட்ஸ் 1814இல் அமைத்தது. இச்செடியின் பரப்பு ஐரோப்பாவிலிருந்து சைபீரியா, இமயமலை வழியாக ஜப்பான் வரை நீள்கிறது. ஆல்ப்ஸ் மலைப்பகுதியிலும் ஸ்காண்டிநேவியாவிலும் அரிதென்றாலும் அவ்வப்போது காணக் கிடைக்கும். அதன் வரலாறு மிக நுணுக்கமாகப் பதிவானது பரப்பின் மேற்கு விளிம்பான இங்கிலாந்தில்தான்.

அங்கே முதல் பதிவு 1854. ஹியர்ஃபோர்ட்ஷயரில் சேப்பி ஓடைக்கரையில் ஆண்டர்டன் ஸ்மித் என்ற பெண்மணி அதைக் கண்டார். கண்டதும் பெயர்த்தெடுத்துத் தன் தோட்டத்தில் நட்டார், செடி பட்டுப்போனது. பெரணிகளையும் ஆர்க்கிடுகளையும் காட்டிலிருந்து பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுவருவதைப் படித்த குடும்பங்கள் நல்ல பொழுதுபோக்காகக் கருதிய காலம் அது. பூஞ்சையும் மரவேரும் இல்லாமல் இந்தச் செடி ஒரு பருவம்கூடத் தாங்காது என்பது அன்று யாருக்கும் தெரியாது. 1870களில் லட்லோ நகருக்கு அருகே இன்னொரு காட்டில் அது தென்பட்டது. அடுத்த சில பதின்மங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பதிவுகள் வந்தன, அவ்வளவே.

1920களில் கதை ஆக்ஸ்ஃபோர்டுஷயருக்கு, சில்டர்ன் குன்றுகளின் பீச் காடுகளுக்கு மாறுகிறது. ஹை வைகோம் நகரின் நாற்காலித் தொழிலுக்கு மரம் தந்து தலைமுறைகளாகப் பேணப்பட்ட காடுகள் இவை. உயர்ந்த மரங்களின் அடர்நிழலில் வேறு செடிகள் அதிகம் முளைப்பதில்லை, சருகு கனமாகச் சேர்கிறது. பேய் ஆர்க்கிடுக்கு ஏற்ற இடம் இதுதான்.

1926 மே மாதக் கடைசியில் நடந்த ஒரு தேடலை கார்டிஃப் நகரத் தாவரவியலாளர் எலினார் வேச்சல் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஒரு சிறுமி ஆர்க்கிடைக் கண்டெடுத்தாள் என்ற செய்தி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் வில்மாட் வழியாக எட்டியது. வேச்சலும் தாவரவியலாளர் பிரான்சிஸ் ட்ரூஸும் இன்னொரு தோழியும் வரைபடத்தோடு காட்டுக்குள் அலைந்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஊருக்குத் திரும்பி விசாரித்து அந்தச் சிறுமியின் வீட்டைக் கண்டுபிடித்தார்கள். அங்கே பூச்சாடியில் பேய் ஆர்க்கிடின் பூ ஒன்று நின்றது. ட்ரூஸ் எவ்வளவோ கெஞ்சியும் அவள் கொடுக்க மறுத்துவிட்டாள். ஆனால் பறித்த இடத்தைக் காட்டினாள். சில நாள் கழித்து வேச்சல் அதே இடத்துக்குப் போய், மண்டியிட்டு, விரலால் மண்ணை விலக்கினார். ஒடிந்த தண்டின் அடியும் சின்னஞ்சிறு கிழங்குகளும் தெரிந்தன. அளவெடுத்துக்கொண்டு, மண்ணையும் சருகையும் பழையபடி மூடிவிட்டு வந்தார்.  பூவைக் கேட்டுக் கெஞ்சிய குரலும் மண்ணை மூடிவிட்டு வந்த கையும் ஒரே குழுவைச் சேர்ந்தவை. பேணுவதா, சேகரிப்பதா என்பதில் அன்றைய தாவரவியல் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

1930களின் தொடக்கத்தில் வேரா பால் என்பவர் அதே வட்டாரத்தில் மறுபடி கண்டார். பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டு இடைவெளி. 1953இல் ரெக்ஸ் கிரஹாம் என்பவர் பக்கிங்ஹாம்ஷயரில் ஒரே இடத்தில் இருபதுக்கும் மேற்பட்ட தண்டுகளைப் பார்த்தார், பிரிட்டனில் அதுவரை இவ்வளவு கூட்டமாக யாரும் கண்டதில்லை. இந்த முறை இடத்தின் பெயர் வெளியே வரவில்லை. தெரிந்தவர்கள் ஒருவருக்கொருவர் காதோடு சொல்லிக்கொண்டு காவல் காத்தார்கள். 1980களின் நடுப்பகுதி வரை பல ஆண்டுகளில் அங்கே பூ வந்தது. 1981ஆம் ஆண்டின் வனவுயிர் மற்றும் நாட்டுப்புறச் சட்டம் பேய் ஆர்க்கிடைப் பறிப்பதையும் பெயர்ப்பதையும் குற்றமாக்கியது. ஆனால் ஓடில்லா நத்தைகளும் மிதிபடும் மண்ணும் வறண்ட கோடைகளும் சட்டத்துக்குக் கட்டுப்படாதவை. அந்தப் பதின்மம் முடிவதற்குள் பூ வருவது நின்றது.

2005இல் வெளியான பிரிட்டனின் செம்பட்டியல் அதை அழிந்துபோன இனமாகக் குறித்தது. இருபது ஆண்டுக்குக் கிட்டத்தட்ட யாரும் காணாத செடிக்கு அந்த முடிவு விதிப்படி சரியே. ஆனால் வாழ்நாளில் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழிக்கும் செடிக்கு அந்த விதி பொருந்துமா என்பது தனிக் கேள்வி. நான்கே ஆண்டில் பதில் கிடைத்தது. 2009 செப்டம்பரில், பழைய பதிவுகளைக் கொண்டு இடங்களைத் தேர்ந்து அந்தக் கோடை முழுவதும் மீண்டும் மீண்டும் போய்ப் பார்த்த மார்க் ஜன்னிங்க் என்பவர் ஹியர்ஃபோர்ட்ஷயரில் ஒற்றைத் தண்டைக் கண்டார். விரல் நீளம்கூட இல்லாத சின்னத் தண்டு. அதன்பின் பதினைந்து ஆண்டு மௌனம். 2024இல் பிரிட்டனில் மீண்டும் ஒரு பூ கண்டறியப்பட்டு, படத்தோடு செய்தி வந்தது. காட்டின் பெயர் மட்டும் வெளியிடப்படவில்லை.