மூன்று கற்கள்

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தின் வரலாறு என்றால் உடனே கங்கைகொண்ட சோழபுரம்தான். ராஜேந்திரன், கங்கை, வெற்றி. 'நாங்கதான் ஆண்ட பரம்பரை' என்று சாதிக்கொரு சுவரொட்டி அடிப்பதற்கும் இந்தக் கதையாடலே மூலப்பிரதி. ராஜாவின் கல்லை மட்டுமே வாசிக்கப் பழகிவிட்ட கண்ணுக்குப் பக்கத்தில் கிடக்கும் மற்ற கற்கள் தெரிவதில்லை.

முதல் கல் பாடாலூர் பக்கம் ஊட்டத்தூரில் இருக்கிறது. மூன்றாம் குலோத்துங்கன் காலம், 1218. இடங்கைத் தொண்ணூற்றெட்டுப் பிரிவினரும் இனி ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போல நடந்துகொள்வது, ஒருவருக்கு வரும் நன்மை தீமை எல்லாருக்கும் என்று ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். ஆனால் அதற்கு ஒரு புராணமும் வேண்டியிருக்கிறது. காசிப முனிவரின் வேள்வியைக் காப்பதற்காக அக்கினி குண்டத்திலிருந்து பிறந்தவர்களாம் இவர்கள். கொம்பும் சங்கும் குடையும் அடையாளச் சின்னங்கள். கீழேயிருப்பவர்கள் மேலேற இடம் கேட்டால் புராணம் இல்லையென்று சொல்வதில்லை; வேள்விக்குக் காவல் நிற்கிற வேலையைக் கொடுத்து உள்ளே சேர்த்துக்கொள்கிறது.

இரண்டாவது கல் 211 ஆண்டுகள் கழித்து, 1429இல். விஜயநகரத்தில் இரண்டாம் தேவராயர் ஆட்சி. வெள்ளாற்றங்கரை ஆடுதுறை (தஞ்சாவூர்ப் பக்கத்து ஆடுதுறை இல்லை), கீழப்பழுவூர், அப்பால் கொறுக்கை, விருத்தாசலம் என்று பல ஊர்க் கோயில்களில் ஒரே ஆண்டில் வலங்கை தொண்ணூற்றெட்டும் இடங்கை தொண்ணூற்றெட்டும் சேர்ந்து முடிவெடுத்துக் கல்லில் வெட்டுகிறார்கள். இந்தக் கல்வெட்டுகளை நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அரசு அதிகாரிகளான இராசகரத்தாரும், நிலவுரிமை வைத்திருந்த பிராமண, வேளாளக் காணியாளரும் நம்மைப் பிழிய முடிந்தது நாம் பிரிந்து கிடந்ததால்தான் என்பது இவர்கள் கண்டுகொண்ட உண்மை. இன்ன வரி இவ்வளவுதான், அதற்குமேல் கொடுப்பதில்லை. ஒடுக்குகிறவர்களுக்கு இடம் கொடுக்கக்கூடாது, கணக்கு எழுதக்கூடாது. கணக்கு எழுதுகிறவன் கையை எடுத்துவிட்டால் அதிகாரம் எப்படி நடக்கும்? ஒத்துழையாமைக்கு நம்மூரில் இவ்வளவு பழைய பாடம் இருக்கிறது.

சரி, இதற்குத் தலைவர் யார்? அப்படிக் கேட்டே பழகிவிட்டோம். இந்தக் கல்லில் பேசுவது ஒரு பன்மை. இதைப் புனிதமாக்கவும் வேண்டாம். கட்டுப்பாட்டை மீறும் துரோகியை அங்கேயே குத்திப் போடலாம் என்கிறது கொறுக்கைக் கல்வெட்டு. ஒற்றுமை, தன் பங்குக்கு ஒரு அதிகாரத்தை உற்பத்தி செய்யத் தொடங்கும் இடமும் இதுதான்.

மூன்றாவது கல்லுக்குச் சென்னைக்குப் போகவேண்டும். 1429இல் சேர்ந்து நின்ற அதே இரண்டு கைகள், 1652இலும் 1707இலும் கோட்டைக்கு வெளியே தெருவுக்காக, ஊர்வல உரிமைக்காக ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. கம்பெனி ஆளுநர் தாமஸ் பிட் தெருக்களைப் பிரித்து எல்லைக்கல் நட்டார். தீர்ப்புச் சொல்கிற இடம் வெள்ளைக்காரனுக்குச் சும்மா கிடைத்தது.

இன்றைய சாதி மாநாடுகளில் முதல் கல்லின் புராணம் வேறுவேறு பெயரில் வாசிக்கப்படுகிறது. மூன்றாவது கல்லை அரசு பத்திரமாக வைத்திருக்கிறது. பட்டியல் போட்டுத் தருவதும், மோதல் வந்தால் சமாதானக் கூட்டம் போடுவதும் அதன் வேலை. ஆடுதுறைக் கல்லை வாசிக்கிற கட்சி எதுவும் தென்படவில்லை. சேர்ந்தால் யாருக்கு எதிராகச் சேர்வது என்று அந்தக் கல் கேட்பதுதான் சிக்கல்.