சிக்னல் இன்டர்நேஷனல் தொழிலாளர் வழக்கு

கத்ரீனா புயலுக்குப் பின் அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாக் கரைக்கு வேலைக்குச் சென்ற இந்திய வெல்டர்களும் பைப் ஃபிட்டர்களும் சிக்னல் இன்டர்நேஷனல் நிறுவனத்தின் மீதும், தங்களை அனுப்பிய ஏஜென்ட்டுகள் மீதும் 2008 மார்ச்சில் நியூ ஆர்லியன்ஸ் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு இது. 2015 பிப்ரவரியில் நடுவர் குழு ஐந்து தொழிலாளர்களுக்கு ஏறக்குறைய 1 கோடியே 40 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. தொழிலாளர் ஆள்கடத்தலுக்காக அந்நாட்டில் வழங்கப்பட்ட மிகப் பெரிய இழப்பீடுகளில் இதுவும் ஒன்று.

சிக்னல் நிறுவனம் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளைக் கட்டியும் பழுதுபார்த்தும் வந்தது. மிசிசிப்பியின் பாஸ்ககூலாவிலும் டெக்சாஸின் ஆரஞ்சிலும் அதற்குப் பணிமனைகள் இருந்தன. 2005 ஆகஸ்ட்டில் புயல் அடித்து ஓய்ந்ததும் உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை. மும்பை ஏஜென்ட் ஒருவரும் நியூ ஆர்லியன்ஸ் வழக்கறிஞர் ஒருவரும் இந்தியாவிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் சுமார் 500 பேரைத் திரட்டிக் கொடுத்தார்கள். கேரளத்துக்காரர்கள் நிறைய இருந்தார்கள், தமிழர்களும் இருந்தார்கள். குடும்பத்தோடு குடியேறலாம், கிரீன் கார்டு நிச்சயம் என்பதுதான் அவர்களுக்குத் தரப்பட்ட வாக்கு. அதை நம்பி ஒவ்வொருவரும் 10,000 டாலருக்கு மேல் கட்டினார்கள். அன்றைய கணக்கில் நாலரை லட்சம் ரூபாய்க்குக் குறையாது. நிலத்தையும் வீட்டையும் விற்றவர்கள் உண்டு. கந்துவட்டிக்கு வாங்கியவர்களும் உண்டு. ஆனால் கையில் கிடைத்ததோ எச்-2பி விசா. பத்து மாதத் தற்காலிக வேலைக்கான அந்த விசாவில் வேறு முதலாளியிடம் போக முடியாது.

தங்குமிடத்தைப் பார்த்தால் மீதி புரியும். பணிமனை வளாகத்துக்குள்ளேயே வேலி, வாசலில் காவலாளி, தகரக் கூண்டு போன்ற டிரெய்லர்கள். ஒன்றில் 24 பேர் வரை அடுக்குக் கட்டிலில் படுத்தார்கள். இதற்கு நாளொன்றுக்கு 35 டாலர், மாதம் 1,050 டாலர் சம்பளத்தில் பிடித்தார்கள். வெளியே வீடு எடுத்துக் கொண்டாலும் பிடித்தம் நிற்காது என்று சொல்லப்பட்டது. ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருந்தது; வேலையை விட்டால் நாடு கடத்தல். அடிக்காமல் பூட்டாமல் ஒருவனை அடிமையாக வைத்திருக்கக் கடனும் விசாவும் போதும் என்பதை இந்த வழக்கு போலத் தெளிவாகக் காட்டிய வழக்குகள் குறைவு.

தொழிலாளர்கள் ரகசியமாகக் கூடிப் பேசத் தொடங்கினார்கள். நியூ ஆர்லியன்ஸ் தொழிலாளர் மையத்தின் சாகேத் சோனி அவர்களை ஒருங்கிணைத்தார். 2007 மார்ச் 9 அன்று விடியுமுன் பாஸ்ககூலா முகாமில் காவலாளிகள் புகுந்து, தலைமை தாங்கியவர்களை நாட்டைவிட்டு அனுப்புவதற்காகப் பிடித்து அடைத்தார்கள். அந்தக் கலக்கத்தில் ஒருவர் மணிக்கட்டை அறுத்துக்கொண்டார். அவரை உயிரோடு மீட்டார்கள். ஆட்களைத் திருப்பி அனுப்புவது எப்படி என்று குடிவரவு அதிகாரிகளே நிறுவனத்துக்கு யோசனை சொன்னதாக நிர்வாகி ஒருவர் பின்னர் பிரமாண வாக்குமூலத்தில் கூறினார். காப்பாற்ற வேண்டியவர்கள் செய்த இந்தக் காரியம்தான் வழக்கில் மிகவும் வேதனை தரும் பகுதி.

ஓராண்டு கழித்து, 2008 மார்ச்சில், சுமார் நூறு பேர் வேலையை விட்டு வெளியேறி, ஹெல்மெட்டுகளைப் பணிமனை வாசலில் வீசினார்கள். நியூ ஆர்லியன்ஸிலிருந்து வாஷிங்டனுக்கு நடைப்பயணம் புறப்பட்டார்கள். அதை சத்தியாகிரகம் என்றே அழைத்தார்கள். அங்கே உண்ணாவிரதமும் இருந்தார்கள். அதே மார்ச்சில் சதர்ன் பாவர்ட்டி லா சென்டர், ஏசியன் அமெரிக்கன் லீகல் டிஃபென்ஸ் அண்ட் எஜுகேஷன் ஃபண்டு ஆகிய அமைப்புகளின் வழக்கறிஞர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2000-ஆம் ஆண்டின் ஆள்கடத்தல் தடுப்புச் சட்டத்தில் 2003-இல் செய்த திருத்தம் இதற்குக் கை கொடுத்தது. பாதிக்கப்பட்டவரே நேரடியாக இழப்பீடு கேட்டு வழக்குப் போட அது வழிவிட்டிருந்தது.

எல்லாருக்குமாக ஒரே வழக்கு நடத்த நீதிபதி 2012-இல் மறுத்தார். பல இடங்களில் இப்படி ஒரு அடி விழுந்தாலே ஏழைகளின் வழக்கு கலைந்துவிடும். இங்கே கலையவில்லை. பெரிய சட்ட நிறுவனங்கள் பல, கட்டணம் வாங்காமல், ஆளுக்குச் சிலராகத் தொழிலாளர்களைப் பிரித்துக்கொண்டு தனித்தனி வழக்குகள் தொடுத்தன. ஐந்து பேரின் முதல் வழக்கு விசாரணை நாலு வாரம் நடந்தது. நிறுவனம், ஏஜென்ட், வழக்கறிஞர் மூவருமே பொறுப்பு என்று நடுவர் குழு கண்டது.

2015 ஜூலையில் சிக்னல் திவாலானதாக மனுச் செய்தது. மீதி வழக்குகளை 2 கோடி டாலருக்கு முடித்துக்கொள்ளவும், மன்னிப்புக் கேட்கவும் சம்மதித்தது. சமவேலைவாய்ப்பு ஆணையம் தொடுத்திருந்த தனி வழக்கில் 476 பேருக்காக 50 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. தொழிலாளர்களில் பலருக்கு ஆள்கடத்தலுக்கு ஆளானோருக்கான டி விசா கிடைத்து, அவர்கள் கேட்டு ஏமாந்த குடியேற்றம் அந்த வழியில் கைகூடியது. இந்த வரலாறு முழுவதையும் சாகேத் சோனி 2023-இல் ‘தி கிரேட் எஸ்கேப்’ என்ற நூலாக எழுதினார்.

இவர்களைப் போல ஏமாறாமலிருக்க இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் இந்தியாவில் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். பணம் கொடுக்குமுன் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்ட்டின் பதிவு எண்ணைச் சரிபாருங்கள். கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்கள்.