விரிவுத் தொட்டி

விரிவுத் தொட்டி என்பது, குழாய்களில் சுற்றிவரும் நீர் வெப்பத்தால் விரியும்போது மிகும் கன அளவை ஏற்றுக்கொள்ளும் கலன் ஆகும். நீரை அமுக்கிச் சுருக்குதல் அநேகமாக இயலாது. எனவே விரிய இடமில்லையெனில் அழுத்தம் விரைவில் உயர்ந்து இணைப்புகள் கசியும். குழாய் வெடிக்கவும் கூடும்.

குளிர்நாடுகளில் இது வீடுகளைச் சூடாக்கும் அமைப்பின் உறுப்பாகும். சென்னையின் முகப்பேர் போன்ற பகுதிகளில் அத்தேவை இல்லை. எனினும் பெரிய கட்டடங்களின் மையக் குளிரூட்டலில் குளிர்நீர்ச் சுற்று உண்டு. குளிர்ந்த நீருக்கு விரிவுத் தொட்டி எதற்கு என்ற ஐயம் எழலாம். இயங்கும்போது அந்நீர் சுமார் 7 பாகை செல்சியசில் இருக்கும். கோடையில் இயந்திரம் நெடுநேரம் நின்று, நீர் 35 பாகைக்கு உயர்ந்தால், 10,000 லிட்டர் நீர் ஏறத்தாழ 60 லிட்டர் பெருகும்.

திறந்த வகைத் தொட்டி சுற்றின் மிக உயர்ந்த புள்ளிக்கும் மேலே, பெரும்பாலும் மொட்டை மாடியில், வைக்கப்படுகிறது. கசிவால் குறையும் நீரை மிதவை வால்வு மூலம் ஈடுசெய்வதும் இத்தொட்டியே. மூடிய வகையில், ரப்பர் சவ்வுக்கு மறுபுறம் அடைபட்ட காற்று அமுங்கி இடம் தருகிறது. இரு வகையும் பொதுவாகப் பம்பின் உறிஞ்சு பக்கத்தில் இணைக்கப்படும். மாற்றி இணைத்தால் அப்பக்கத்தின் அழுத்தம் தாழ்ந்து காற்று உட்புகக்கூடும்.

வீட்டு மாடிகளிலுள்ள சூரிய நீர்சூடேற்றிகள் பலவற்றில் மேல்நோக்கி நிற்கும் திறந்த குழாயும் விரியும் நீருக்கும் ஆவிக்கும் வழிவிடுகிறது. சொட்டுகிறது என்பதற்காக அதனை அடைத்தல் ஆபத்தானது.